பல் போச்சு என்று சொல்லும் முன்

அடிபட்டுக் கழன்று விழுந்த பல்லுக்கு உயிர் இருக்கிறது. ஆனால் சுமார் அரை மணி நேரத்துக்குத்தான். அதைக் காப்பாற்றுவது பெரும்பாலும் டாக்டர் கையில் இல்லை, பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கிறது.

பெங்களூரு மர்பி டவுனில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் பையன்களுக்குக் கால்பந்துதான். அல்சூரை ஒட்டிய இந்தப் பகுதியில் அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. பக்கத்திலுள்ள கௌதமபுரத்தில் பிரேசில் வீரர் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மாலையில், அப்போது பதினோரு வயதான என் அண்ணன் மகன் பந்தைத் தலையால் முட்ட எம்பினான். எதிரணிப் பையனும் எம்பினான். அவன் முழங்கை இவன் வாயில் பட்டது.

சட்டையெல்லாம் ரத்தத்தோடு வாசலில் வந்து நின்றவன், "அத்தை, பல் போச்சு" என்றான். மேல்வரிசை முன்பல் ஒன்று, வேரோடு முழுசாக, அவன் உள்ளங்கையில் கிடந்தது.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் தவறு. அண்ணி பல்லைக் குழாயடியில் பிடித்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அண்ணன் அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி, "கூரைமேல போடுங்க, புதுசா முளைக்கும்" என்றார். நான் தெரிந்த பல் டாக்டர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? கடைசியில் திறந்திருந்த ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்துப் போனபோது, டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இதை ஏன் பாலில் போட்டுக் கொண்டுவரவில்லை?"

வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு பாக்கெட் பால் இருந்தது. தெருமுனைக் கடையில் இன்னும் பல பாக்கெட் நந்தினி பால் இருந்தது. எங்களிடம் இல்லாதது அந்த ஒரு தகவல் மட்டும்தான்.

இரண்டுக்கும் ஒரே சொல்

இதில் நம் மொழிக்கும் பழக்கத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆறு வயதில் பால்பல் தானாக ஆடி விழுந்தாலும் 'பல் விழுந்தது' என்கிறோம். அடிபட்டு நிலைப்பல் கழன்றாலும் 'பல் விழுந்தது' என்கிறோம். விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது தமிழ்க் குடும்பங்களில் பழைய வழக்கம். பால்பல்லுக்கு அது பொருந்தும். அதன் வேர் கரைந்து, வேலை முடிந்து, தானாக விடைபெற்ற பல் அது. அதற்கு அடியில் அடுத்த பல் காத்திருக்கிறது.

அடிபட்டுக் கழன்ற நிலைப்பல்லின் கதை வேறு. அதற்குப் பதில் இன்னொன்று முளைக்கப்போவதில்லை. ஆனால் அது செத்த பொருளும் அல்ல. பல்லின் வேர் தாடை எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று ஊஞ்சல் கயிறுபோலப் பல்லைத் தாங்குகிறது. அடிபடும்போது அறுவது இந்தப் படலம்தான். அதன் உயிரணுக்கள் வேரின் மேல் ஒட்டிக்கொண்டு பல்லோடு வெளியே வருகின்றன. அவை உயிரோடு இருக்கும்போதே பல்லைப் பழைய குழியில் வைத்துவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். காய்ந்து செத்துவிட்டால் எலும்பு அந்த வேரைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தின்னத் தொடங்கும். பல் சில வருடம் நிற்கும், பிறகு போய்விடும்.

அண்ணி சோப்புப் போட்டுத் தேய்த்தது அழுக்கை அல்ல, இந்த உயிரணுக்களைத்தான்.

அரை மணிக் கணக்கு

கோபன்ஹேகனைச் சேர்ந்த டாக்டர் ஜென்ஸ் ஆண்ட்ரியாசென் பல் காயங்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். அவரும் ஒரு சக ஆராய்ச்சியாளரும் விபத்தில் கழன்று மீண்டும் பொருத்தப்பட்ட 110 பற்களைப் பற்றிய ஆய்வை 1966இல் வெளியிட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் பொருத்தப்பட்டவற்றில் பத்தில் ஒன்பதுக்கு வேர் கரையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கரைந்தது. ஒரே மாதிரிப் பல், ஒரே மாதிரிக் காயம். வித்தியாசம் கடிகாரத்தில்தான்.

பல் காய மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2020இல் புதுப்பித்த வழிகாட்டி நெறிகளின் சாரமும் இதுதான். கழன்ற நிலைப்பல்லை வைக்கச் சிறந்த இடம் அது இருந்த குழியே. அதை வைக்க டாக்டர் வேண்டியதில்லை. அம்மா வைக்கலாம், விளையாட்டு ஆசிரியர் வைக்கலாம், அடிபட்டவரே வைத்துக்கொள்ளலாம். அது முடியாதபோது அடுத்த சிறந்த இடம் பால்.

ஏன் பால்? பாலின் உப்பு அடர்த்தி நம் உடல் திரவங்களின் அடர்த்தியை ஒட்டியது. அதில் புளிப்பு அதிகமில்லை. பாக்கெட் பால் கொதிநிலைக்குக் கீழே சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டது. தண்ணீரில் போட்டால் உயிரணுக்கள் நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கின்றன. காகிதத்தில் மடித்தால் காய்ந்து சாகின்றன. பாலில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கின்றன.

பால் கிடைக்காத இடத்தில் இளநீர் உதவுமா? தென்னை மரத்தடியில் வளர்ந்த நமக்குத் தோன்றும் இந்தக் கேள்வியைச் சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் கோபிகிருஷ்ணாவும் சகாக்களும் செய்து 2008இல் வெளியான ஆய்வில், நார்ப்படல உயிரணுக்களைக் காப்பதில் இளநீர் பாலையும் முந்தியது. ஆனால் பின்னால் வந்த வேறு ஆய்வுகள் இளநீரின் இயல்பான புளிப்பு உயிரணுக்களுக்கு ஆகாது என்று கண்டு, பாலுக்கே முதலிடம் கொடுத்தன. சர்வதேச நெறிகளும் பாலைத்தான் சொல்கின்றன. பால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இளநீர்க் கடையைத் தேடி ஓட வேண்டியதில்லை.

பல் கழன்றால்: முதல் அரை மணி

• முதலில் ஆளைப் பாருங்கள். மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு, நிற்காத ரத்தம் இருந்தால் பல்லை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108க்குச் சொல்லுங்கள்.

• பல்லைத் தேடி எடுங்கள். வெண்மையான தலைப்பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள்.

• மண் ஒட்டியிருந்தால் பாலிலோ அடிபட்டவரின் எச்சிலிலோ மெதுவாக அலசுங்கள். எதுவும் இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் சில விநாடிகள் காட்டினால் போதும். சோப்பு, டெட்டால், துணி, பிரஷ் எதுவும் கூடாது.

• நிலைப்பல் என்றால், பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரிந்துகொண்டு குழிக்குள் மெல்ல அழுத்துங்கள். மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

• வைக்க முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போடுங்கள். பாலும் இல்லையென்றால் அடிபட்டவரையே ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போடுங்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும் தண்ணீர். காய விடுவதைவிட அது மேல்.

• பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் வளரும் பல்லின் முளை கெட்டுவிடும். எந்தப் பல் என்று சந்தேகம் இருந்தால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

• முடிந்தவரை அரை மணிக்குள், அதிகம் போனால் ஒரு மணிக்குள் பல் டாக்டரிடம் இருங்கள். நேரமாகிவிட்டது என்று பல்லை எறிந்துவிடாதீர்கள். கொண்டுபோங்கள்.

டாக்டரிடம் போன பிறகு வேலை எளிது. பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் சுமார் இரண்டு வாரம் கட்டிவைப்பார். ஆன்டிபயாடிக் தருவார், தேவையென்றால் டெட்டனஸ் ஊசி. வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். வேர் முடிந்திராத சின்னப் பிள்ளைகளின் பல்லில் ரத்த ஓட்டமே மீண்டும் வரும் வாய்ப்பு உண்டு.

பல் கழலாமல் பாதியாக உடைந்தாலும் அந்தத் துண்டைத் தேடி எடுத்துப் பாலில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். பல நேரங்களில் அதையே ஒட்டிவிட முடிகிறது. துண்டைக் காணவில்லை, கூடவே இருமலும் மூச்சுத் திணறலும் இருக்கிறது என்றால் அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். அது ஆஸ்பத்திரி விஷயம்.

வலி நின்றுவிட்டதா? கவனம்

அடிபட்ட பல்லுக்காவது அவசரம் தெரிகிறது. சொத்தைப் பல்லின் அவசரம் மெதுவாக வருகிறது, வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயரே 'பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது'. பல்வலியையே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பவர்கள் ஏராளம்.

சொத்தை பல்லின் நடுவிலுள்ள நரம்புக் கூழை எட்டும்போது வலி உயிரை எடுக்கும். குறிப்பாக ராத்திரியில். சில நாளில் அந்த நரம்பு செத்துப்போகும். வலி சட்டென்று நிற்கும். 'கிராம்பு வைத்தேன், சரியாகிவிட்டது' என்று வீட்டில் நிம்மதி வரும். கிருமிகளோ இப்போதுதான் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன.

கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நாக்குக்கு அடியிலுள்ள தசைத் தளத்துக்கும் கீழே போகின்றன. அங்கே கட்டும் சீழ் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இருபுறமும் பரவி, நாக்கை மேலே தூக்கி, மூச்சுக் குழாயை நெருக்கலாம். 1836இல் இதை விவரித்த ஜெர்மானிய டாக்டர் லுட்விக்கின் பெயரால் இதை 'லுட்விக் ஆஞ்சைனா' என்கிறார்கள். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று உரிய நேரத்தில் போனால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

வசதியான நாட்டிலும் இது நடக்கும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் டியாமான்டே டிரைவர் என்ற 12 வயதுச் சிறுவன் 2007 பிப்ரவரியில் இறந்தான். சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்குப் பரவியிருந்தது. அந்தப் பல்லைப் பிடுங்க அன்று 80 டாலர் போதும். அவன் குடும்பத்துக்கு அப்போது அரசின் மருத்துவ உதவியும் நின்றுபோயிருந்தது. அவனைக் காப்பாற்ற நடந்த மூளை அறுவைகளுக்கும் ஆஸ்பத்திரி வாசத்துக்கும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகுதான் அந்த மாநிலம் ஏழைக் குழந்தைகளின் பல் சிகிச்சைத் திட்டத்தைச் சீர்திருத்தியது.

ஆகவே, தாடைக்கு அடியில் அல்லது கழுத்தில் வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாற்றம், மூச்சுத் திணறல், கண் வரை ஏறும் வீக்கம், இவற்றோடு காய்ச்சல் - இவற்றில் எது இருந்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, இரவானாலும், உடனே போக வேண்டும்.

அடுக்களை வைத்தியம், மெடிக்கல் ஷாப் வைத்தியம்

கிராம்பு எண்ணெய் பொய்யில்லை. அதிலுள்ள யூஜினால் நரம்பைக் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும். பஞ்சில் ஒரு சொட்டு போதும். அள்ளி ஊற்றினால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல் ஓரத்தில் அதக்கிக்கொள்வது இன்னும் மோசம். அது ஈறைப் புண்ணாக்கும், வலியைக் குறைக்காது. மாத்திரையின் இடம் வயிறு, ஈறு அல்ல. புகையிலை, சுண்ணாம்பு, கற்பூரம் எதுவும் உதவாது. கன்னத்தில் சுடு ஒத்தடமும் வேண்டாம். சீழ் இருந்தால் சூடு வீக்கத்தைக் கூட்டலாம். வெளியிலிருந்து குளிர் ஒத்தடம், இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, இரண்டும் பாதுகாப்பானவை.

வலிக்குப் பெரியவர்களுக்குப் பாராசிட்டமாலோ ஐபுபுரோஃபெனோ அளவோடு கேட்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுபுரோஃபெனை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தாலும் அப்படித்தான்.

மெடிக்கல் ஷாப்பில் இரண்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதுதான் நம் ஊரின் பெரிய வியாதி. நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. மருந்து எந்த வழியாக உள்ளே போகும்? உடல் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்குச் சிகிச்சை செய்யுங்கள் என்று அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் 2019இல் நெறி வகுத்தது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் மருந்து தேவை. அப்போதும் அது சிகிச்சைக்குத் துணைதான், மாற்று அல்ல.

தாடை வலியெல்லாம் பல்வலியும் அல்ல. நடந்தால் வந்து நின்றால் போகிற தாடை வலி, வியர்வையோடும் நெஞ்சு இறுக்கத்தோடும் வருகிற வலி, இதயத்திலிருந்து வரலாம். போக வேண்டிய இடம் வேறு.

பல் பிடுங்கிய பிறகு ரத்தம் கசிந்தால், சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து அரை மணி நேரம் விடாமல் கடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நிற்காது. முதல் நாள் கொப்பளிப்பதும் காறித் துப்புவதும் ஸ்டிராவில் உறிஞ்சுவதும் உறைந்த ரத்தத்தைப் பெயர்த்துவிடும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வருமுன்

மர்பி டவுனில் வசதிக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. கன்டோன்மென்ட் காலத்தில் மர்பி என்ற பொறியாளரின் பெயரில் அமைந்த இந்தக் குடியிருப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில், குக் டவுனில், அம்பேத்கர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரின் மறுபக்கம், கோட்டைப் பகுதியில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1958இலிருந்து இருக்கிறது. ஆனால் கல்லூரி எத்தனை பக்கத்தில் இருந்தாலும் முதல் அரை மணி அங்கே நடப்பதில்லை. தெருவிலும் மைதானத்திலும் பள்ளிக்கூடத்திலும்தான் நடக்கிறது.

அதனால் முன்னேற்பாடும் அங்கேயே தொடங்க வேண்டும். கால்பந்து, ஹாக்கி, கபடி ஆடும் பிள்ளைகளுக்குப் பல் உறை வேண்டும். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் உறைகள் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. டாக்டர் அளவெடுத்துச் செய்வது இன்னும் நன்றாகப் பொருந்தும். காலணிக்குச் செலவழிப்பவர்கள் இதற்குத் தயங்கத் தேவையில்லை. முன்பல் துருத்தியிருக்கும் பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அவர்களுக்குக் கம்பி போடுவது அழகுக்கு மட்டுமல்ல.

இரு சக்கர வண்டியில் பின்னால் உட்காருபவருக்கும் கர்நாடகம் 2016இல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அபராதத்துக்காகத் தலையில் கவிழ்க்கும் அரைத் தொப்பி தாடையைக் காப்பாற்றாது. முகவாயையும் மூடும் முழு ஹெல்மெட்தான் பல்லுக்கும் ஹெல்மெட்.

மற்றபடி பழைய பாடம்தான். ஃப்ளோரைடு பற்பசையால் இரண்டு வேளை, குறிப்பாகப் படுக்கும் முன், பல் தேய்ப்பது. சாப்பாட்டுக்கு இடையே இனிப்பைக் குறைப்பது. பாட்டில் மூடியைப் பல்லால் திறக்காமல் இருப்பது. வலிக்காதபோதே டாக்டரைப் பார்ப்பது. உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் பல் கிளினிக் ஒன்றின் எண் உங்கள் போனில் இருக்கிறதா? இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் அது.

அந்தப் பல்

அண்ணன் மகனின் பல்லை டாக்டர் அன்று திரும்ப வைத்தார். "நிற்கும். எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள்" என்றார். அது எலும்போடு இறுகிவிட்டது. பையன் வளர்ந்தான், மற்ற பற்களும் தாடையோடு சேர்ந்து இறங்கின. அந்தப் பல் மட்டும் பதினோரு வயதிலேயே நின்றுவிட்டது. இப்போது சிரித்தால் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகத் தெரிகிறது. எக்ஸ்ரேயில் வேர் பாதி இல்லை. வளர்ச்சி முழுதாக முடிந்த பிறகு அதை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்க வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில்.

அவன் இன்னும் விளையாடுகிறான், பல் உறை போட்டுக்கொண்டு. அவன் ஆடும் குழுவில் சின்னப் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது பந்தை எப்படி உதைப்பது என்று அல்ல. பல் விழுந்தால் எந்தக் கடைக்கு ஓட வேண்டும் என்று.